முதல் பந்தி குளுக்கோஸ்

1940 வாக்கில் பாரிஸை ஹிட்லரின் படை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோர்போனில் ஜாக் மோனோ என்பவரோ ஈ.கோலை பாக்டீரியாவுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார். இலையில் இரண்டு சர்க்கரை: குளுக்கோஸ், லாக்டோஸ். போகப்போக மனுஷனுக்குத் தலைமறைவு வேலையும் சேர்ந்துகொண்டது. ரகசியக் காகிதங்களை ஆய்வகத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கால் எலும்புக்குள் திணித்து வைத்தார். ஜெர்மன்காரன் எங்கே தேடப்போகிறான், அதன் முழங்காலிலா?

பாக்டீரியா குளுக்கோஸை வழித்துத் தின்றது. பிறகு வளர்ச்சி நின்றது. கொஞ்ச நேரம் பேச்சுமூச்சில்லை. அப்புறம்தான் லாக்டோஸில் கை வைத்தது. வரைபடத்தில் இரண்டு ஏற்றம், நடுவே சமதரை. 1941இல் இதை முனைவர் பட்டத்துக்குக் கொடுத்தபோது, சோர்போனுக்கு இதில் அக்கறை இல்லை என்றார் அங்கிருந்த பெரியவர் ஒருவர். பட்டம் என்னவோ கிடைத்துவிட்டது.

அந்தச் சமதரையில் நடந்தது என்ன? லாக்டோஸை வெட்டும் நொதியை பாக்டீரியா தயார் செய்துகொண்டிருந்தது. அதற்கான குறிப்பு டிஎன்ஏவில் எப்போதும் இருக்கிறது. சமையல் புத்தகம் அலமாரியில் இருக்கிறது என்பதற்காகத் தினமுமா பிரியாணி செய்கிறோம்? அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வது யார் என்பதுதான் கேள்வி. லாக்டோஸ்தான் உத்தரவு போடுகிறது என்று மோனோ பல வருஷம் நம்பினார்.

1958 கோடையில் ஒரு ஞாயிறு. பாஸ்டர் நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்த பிரான்சுவா ஜாக்கோப், மனைவி லீஸுடன் சினிமாவுக்குப் போனார். திரையில் படம் ஓட, இவர் மண்டையில் வைரஸ் ஓடியது. பாக்டீரியாவுக்குள் தூங்கும் வைரஸுக்கும் லாக்டோஸ் நொதிக்கும் ஒரே கதைதான். இரண்டிலும் எவனோ டிஎன்ஏ மேலேயே போய் உட்கார்ந்து வழிமறிக்கிறான்! முக்கியமான ஒன்று தோன்றிவிட்டது என்று லீஸிடம் சொன்னார். வீட்டுக்காரரைப் படம் பார்க்கக் கூட்டிப்போனால் இப்படி. விடுமுறை முடிந்து வந்த மோனோவிடம் சொன்னபோது உடனே எடுபடவில்லை.

வழிமறிப்பவர் பெயர் ரெப்ரெஸர். மரபணு வாசலில் சம்மணம் போட்டு, படியெடுக்க வரும் நொதியை உள்ளே விடாத கிழவர். லாக்டோஸிலிருந்து திரிந்த அல்லோலாக்டோஸ் வந்து ஒட்டிக்கொண்டால் அவர் உருவம் கோணுகிறது, பிடி நழுவுகிறது, இடத்தைக் காலி செய்கிறார். யாரும் உத்தரவு போடவில்லை; 'கூடாது' என்றவர் எழுந்து போனார், அவ்வளவுதான். குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸைச் செல்லுக்குள் சரியாக விடுவதேயில்லை; அந்த அழிச்சாட்டியம் தனி.

1961இல் கட்டுரை வந்தது. கிழவர் ஆர்என்ஏவாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு. 1965இல் ஜாக்கோப், மோனோ, ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபல். ஆளை இன்னும் யாரும் பிடிக்கவில்லை! மறு வருஷம் ஹார்வர்டில் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் பிடித்தார்கள். ஆர்என்ஏ இல்லை, புரதம். ஒரு செல்லுக்குச் சுமார் பத்துப் பேர்தான் தேறினார்கள்.