கொல்லைப்புற நிழலும் அதன் பல்லாண்டுச் செடிகளும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இப்பொருளில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை என்று தொடங்குவது மரபு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு காடுகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறதே என்பார்க்கு விடை: அவர்கள் ஆராய்ந்தது காடு, நாம் ஆராய்வது கொல்லை. ஆகவே யாரும் செய்யவில்லை.

ஆய்வெல்லைக்குள் பாகூரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. உதவித்தொகையே ஆடி அசைந்து வரும் இந்நாளில், படிப்புக்கு ஊரையே எழுதிவைத்த மண்ணை மிதித்தால் ஆய்வாளனுக்கு ஒரு தெம்பு.

நிழல் மூவகைப்படும்: மாமர நிழல், புங்க நிழல், பக்கத்து வீட்டார் புதிதாக எழுப்பிய மாடியின் நிழல். முதலிரண்டும் சருகு உதிர்க்கும். மூன்றாவது காரை உதிர்க்கும்.

இம்மண்ணின் செடி எது? புதுச்சேரியின் மாநில மலர் நாகலிங்கம். அதற்குப் பிறந்த வீடு தென்னமெரிக்கா. எனவே அரசாணையை அளவுகோலாகக் கொள்ளாமல், கோயில்காட்டில் வீரை, காயா மரங்களின் அடியில் யாரும் நடாமல் முளைப்பவற்றையே இக்கட்டுரை ஏற்கிறது.

நிலப்பனை: பனை போலிருக்கும், பனை அன்று.

மருள்: நட்டாலும் வரும், நடாவிட்டாலும் வரும். சான்செவியேரியா என்றிருந்ததை மரபணு பார்த்து டிரசீனாவில் சேர்த்துவிட்டார்கள். மருளுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

செங்காந்தள்: மழைக்கு முளைத்து, இலை நுனியாலேயே வேலியைப் பற்றி ஏறும். பாகூருக்குத் தெற்கே நாலடி வைத்தால் கடலூர் மாவட்டம். எல்லையோர வேலியில் இந்தப் பக்கம் பூத்தால் வெறும் நச்சுக்கிழங்குக் கொடி, அந்தப் பக்கம் எட்டிப் பூத்தால் தமிழ்நாட்டின் மாநில மலர். இச்சட்டச் சிக்கல் தனி நூலுக்குரியது. கிழங்கிலுள்ள கொல்சிசின் இரு பக்கத்தாரையும் பேதமின்றிக் கொல்லும் என்பதால், குழந்தையும் கன்றும் புழங்கும் கொல்லையில் வேண்டாம்.

காட்டுக்கருணை: இதுவே ஆய்வின் உயிர்நாடி. மழை ஓய்ந்தபின் இலை மடிந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். மேலே ஒரு தடயமும் இராது. ஆய்வுக்கு மிகத் தோதான பருவம் இதுதான். செடியைப் பார்க்காமலே எழுதலாம். இத்துறைப் பெரியோர் சிலர் ஆண்டு முழுவதையும் இப்பருவமாகவே கொண்டனர். கோடை மழை விழுந்ததும் இலைக்கு முந்திப் பூ வரும். கருஞ்சிவப்பு மடல், நடுவே தடித்த தண்டு. தண்டு சூடேறிப் பிண நாற்றத்தைப் பரப்ப, ஈயும் வண்டும் ஏமாந்து வந்து மகரந்தம் சுமக்கும்.

நாற்றத்தின் மூலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பரணில் எலி செத்திருக்கிறது (ஆயா, திண்ணையுரை, முதற்பதிப்பு). பரணில் அன்று, குதிருக்குப் பின்னால் (ஆயா, மேலது, மறுநாள் காலைத் திருத்திய பதிப்பு). எதிர்வீட்டார் எதையோ புதைத்திருக்கிறார்கள் (ஆயா, அடுக்களையுரை, உரக்கப் படிக்கலாகாத பகுதி; இதற்கு எதிர்வீட்டம்மா வேலியோரம் நின்று வழங்கிய மறுப்புரை, நான்கு பாகங்கள், நான்காம் பாகம் அச்சேறத் தகாதது; இரண்டையும் ஒப்புநோக்கி மூலத்தை மோந்து பார்த்து விலகிய வெள்ளாட்டின் நடுநிலைக் குறிப்பு, வேலிப்பிரதி, ஓரம் மெல்லப்பட்டது).

உலக ஒப்பீடு இல்லாமல் கட்டுரையைப் பல்கலைக்கழகம் ஏற்காது. இதன் சுமத்திரா உறவான டைட்டன் ஆரத்தை 1878இல் பெக்காரி என்ற இத்தாலியர் உலகுக்கு அறிவித்தார். 1889இல் அது லண்டன் கியூ தோட்டத்தில் பூத்தது. 1926இல் மீண்டும் பூத்தபோது கூட்டத்தை அடக்கப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. வில்லியனூரில் அதே குடும்பத்து நாற்றம் இலவசமாகக் கிடைத்தும் வந்த பார்வையாளர் ஒருவரே: எலியை எடுத்துப்போட அழைக்கப்பட்டவர். எலி இல்லை என்று தெரிந்த பின்னும் கூலியில் சல்லிக்காசு குறைக்கவில்லை.

வளர்ப்புமுறை: தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், பாகூர் வயல்மண்ணில் மேடுகட்டி நடுக. சருகைப் பெருக்காமல் விடுக. காட்டுத்தரைக்கு அதுதான் போர்வை, அதுதான் எரு. சருகு கிடந்தால் வீட்டுக்கு மானக்கேடு என்பது ஆயாவின் கோட்பாடு. பேச்சுவார்த்தை நடந்துவருகிறது, துடைப்பம் அவர் தரப்பில் உள்ளது.

பின்னிணைப்பு: கட்டுரை முடியும் தறுவாயில் முதன்மைத் தரவு தோண்டி எடுக்கப்பட்டுப் புளிக்குழம்பு ஆகிவிட்டது. கருணையின் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளைப் புளி அடக்கும் என்பது பொதுவிதி. காட்டுக்கருணை விதிவிலக்கு போலும். தொண்டை அரிப்பு காரணமாக ஆய்வாளரின் வாய்மொழித் தேர்வு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.