பாக்கி 410 புரோட்டா

குத்துச்சண்டையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியபோது, கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அந்தச் சித்தப்பாவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் தகுதியை வைத்துத்தான் 1990 பிப்ரவரியில், மதுரையில் எங்கள் கல்லூரி விடுதிக்கு எதிரே இருந்த புரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஜோசியம் சொன்னேன். டோக்கியோவில் மைக் டைசனும் பஸ்டர் டக்ளஸும் மோதப் போகிறார்கள். டைசன் அதுவரை இறங்கிய 37 போட்டியிலும் ஜெயித்தவர். அதில் 33 நாக்-அவுட். ஒன்றரை வருஷத்துக்கு முன்புதான் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்க வைத்திருந்தார். கல்லில் கிடக்கும் புரோட்டாவை மாஸ்டர் திருப்பிப் போடுவதற்குள் முடிந்துபோன சண்டை அது.

“மூணாவது ரவுண்டைத் தாண்டினா என் பேரை மாத்திக்கிறேன்” என்றேன். கடையில் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பக்கத்து அறை நண்பன் மட்டும் சால்னாவிலிருந்து தலையைத் தூக்கினான்.

“எல்லாரும் டைசன்னா நீ யாருகூடடா பந்தயம் கட்டுவ? சரி, நான் டக்ளஸ். பத்து புரோட்டா.”

டக்ளஸ் கறுப்பா சிவப்பா என்றுகூட அவனுக்குத் தெரியாது. எதிர்க்கட்சி இல்லாத சட்டசபை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

திங்கட்கிழமைப் பேப்பரில், பத்தாவது ரவுண்டில் டைசன் நாக்-அவுட் என்று போட்டிருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று இன்னொரு பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே பிழை. அன்று ராத்திரி நண்பன் பத்து புரோட்டாவையும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

விவகாரம் அதோடு முடிந்திருக்க வேண்டும். பல வருஷம் கழித்து ஒரு நாள் போன் செய்தான். அந்தச் சண்டைக்கு லாஸ் வேகாஸில் பந்தய விகிதம் போட்டதே மிராஜ் என்ற ஒரே ஒரு கேசினோதானாம். டக்ளஸ் மேல் ஒன்று கட்டினால் நாற்பத்திரண்டாம். எங்கேயோ படித்திருக்கிறான்.

“அப்ப எனக்கு வர வேண்டியது 420 புரோட்டா. நீ குடுத்தது பத்து. பாக்கி 410. மறந்துடாத.”

நான் தோற்றதற்குக் காரணம் அறியாமை இல்லை. அளவுக்கு மீறிய கணக்கு. ஹெவிவெயிட் சண்டை என்றால் முந்தின வாரமே ஒரு பட்டியல் வந்துவிடும்: வயது, உயரம், எடை, கை நீளம், ஜெயித்தது எத்தனை, நாக்-அவுட் எத்தனை. நம் ஊர்க் கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகம் மாதிரியேதான். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும் பார்த்து, பத்துக்கு ஒன்பது என்று மார்க்கும் போட்டுவிடலாம். ஒன்பது பொருத்தம் இருந்த என் பெரியம்மா மகன், கல்யாணமாகி ஆறே மாதத்தில் பெட்டியோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜாதகத்தைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. ராமன் சோமனைவிட உயரம், சோமன் பீமனைவிட உயரம், ஆகவே ராமன் பீமனைவிட உயரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. 1971இல் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். நார்ட்டனுக்கும் இரண்டே ரவுண்டுதான். ஆகவே ஃபோர்மன் முன்னால் அலி நிற்கவே முடியாது. கணக்கு வாத்தியாரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

1974 அக்டோபர் 30, கின்ஷாசா. 32 வயது அலி, ஈஸிசேரில் சாய்கிற தாத்தா மாதிரி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனை அடிக்க விட்டார். 40 போட்டியில் தோல்வியே அறியாத ஃபோர்மன் அடித்தார், அடித்தார், கை ஓய்கிறவரை அடித்தார். எட்டாவது ரவுண்டில் அலி நிமிர்ந்து திருப்பி அடித்தார். ராமன் விழுந்தான்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கூனிக் குறுகியிருந்தேன். அதற்கும் மருந்து கிடைத்தது. 1964இல் அலி (அப்போது காசியஸ் கிளே) சன்னி லிஸ்டனோடு மோதியபோது, விளையாட்டு எழுத்தாளர்கள் 46 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். 43 பேர் லிஸ்டன் என்றார்கள். ஏழாவது ரவுண்டு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பாகச் சொன்ன 43 பேர் இருக்கும்போது, கைக்காசைச் செலவழித்துத் தப்பாகச் சொன்ன நான் எவ்வளவோ மேல்.

2019 ஜூனில் நியூயார்க்கில் ஆன்டனி ஜோஷுவாவும் ஆன்டி ரூயிஸும் மோதினார்கள். 410 புரோட்டாவைத் தீர்க்க இதுதான் நேரம் என்று நண்பனுக்குப் போன் போட்டேன். “நான் ஜெயிச்சா கடன் தள்ளுபடி. தோத்தா ரெட்டிப்பு.” அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“ரூயிஸ் எனக்கு. போட்டோ பாத்தேன். என்னை மாதிரியே தொப்பை வச்சிருக்கான்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜோஷுவா ஆறரை அடி. 22 போட்டி, 22 வெற்றி. உடம்பு கோயில் துவாரபாலகர். ரூயிஸோ 268 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 122 கிலோ. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு பந்தி விசாரிக்கும் மாமா போல இருந்தார். முதலில் குறித்திருந்த ஆள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் கடைசி நேரத்தில் வந்தவர் வேறு. மூன்றாவது ரவுண்டில் ஜோஷுவா அவரைக் கீழே தள்ளினார். நான் சோபாவில் ஏறி நின்றேன். மாமா எழுந்தார். அதே ரவுண்டில் துவாரபாலகரை இரண்டு தடவை உட்கார வைத்தார். ஏழாவதில் இன்னும் இரண்டு. நடுவர் நிறுத்தினார். நான் சோபாவிலிருந்து இறங்கினேன். பாக்கி 820.

சரி, பாடம் படித்துவிட்டேன். இனி தோற்பான் என்று ஊர் சொல்கிறவன் பக்கமே நிற்பது என்று முடிவெடுத்தேன். ஆறு மாதம் கழித்து சவூதி அரேபியாவில் மறுபோட்டி. அதே நிபந்தனை, நான் ரூயிஸ். இடைப்பட்ட காலத்தில் ரூயிஸ் ஜெயித்த சந்தோஷத்தைச் சாப்பிட்டே கொண்டாடிவிட்டார் என்பது எடை பார்த்தபோதுதான் தெரிந்தது. 283 பவுண்டு. பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷுவா கைக்கு எட்டாத தூரத்தில் நின்று குத்திவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். விருந்துக்குப் போய்விட்டு வந்ததாக ரூயிஸே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பாக்கி 1640.

டோக்கியோ சண்டையை அப்புறம் நான் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சண்டைக்கு 23 நாளைக்கு முன்னால்தான் டக்ளஸின் அம்மா இறந்திருந்தார். வயது, எடை, கை நீளம் எழுதிய பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. எட்டாவது ரவுண்டில் விழுந்த டக்ளஸ், தன்மேலேயே கோபம் வந்தவர் போலத் தரையை ஒரு குத்துக் குத்திவிட்டு எழுந்தார். டைசனின் மூலையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கண் வீங்கினால் வைத்து அழுத்துகிற குளிர்ந்த இரும்புத் துண்டை அவருடைய ஆட்கள் கொண்டுவரவே இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரும்பு தேவைப்படும் என்று அவர்களும் கணிக்கவில்லை. பத்தாவது ரவுண்டில் விழுந்த டைசன், முழங்காலில் தவழ்ந்து பல்காப்பைத் தேடி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு தடுமாறி எழுந்தார். அதற்குள் பத்து எண்ணிவிட்டார்கள். 91 விநாடிக்காரரை அப்படிப் பார்த்தபோது, பந்தயத்தில் தோற்ற கோபம் எனக்கு மறந்தே போனது.

கணிப்புச் சொல்ல அருகதை ரிங்குக்குள் இறங்குகிறவருக்குத்தான். அலி சொல்லி அடித்தவர். ஆர்ச்சி மூர் நாலாவது ரவுண்டில் விழுவார் என்றார், விழுந்தார். ஹென்றி கூப்பருக்கு அஞ்சு என்றார், அஞ்சிலேயே முடிந்தது. லிஸ்டனுக்கு மட்டும் எட்டு என்று சொல்லி, ஆறிலேயே ஜெயித்துத் தொலைத்தார். சொல்கிற வாயும் குத்துகிற கையும் ஒருவருடையதாக இருந்தும் அவருக்கே தப்புகிறது என்றால், பெஞ்சில் உட்கார்ந்து சால்னா கேட்கிறவன் எம்மாத்திரம்?

போன மாதம் கடனை அடைத்துவிடலாம் என்று நண்பனை மதுரைக்கு வரச் சொன்னேன். அதே கடை, புது பெஞ்ச். இருவரும் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இருவருக்குமே சர்க்கரை, மைதா தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.