தட்டிப் பார்க்க முடியாத அடுப்பு

கோலார் தங்கவயலில் இருக்கும் ஊரிகத்துக்காரர்கள் எந்த இரும்புச் சாமானையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் தோசைக்கல் வாங்கினாலும் சரி, பீரோ வாங்கினாலும் சரி, முதலில் விரல் முட்டியால் ஒரு தட்டு, காதைக் கொடுத்து ஒரு கேள்வி, அப்புறம்தான் விலைப்பேச்சு. நூறு வருஷத்துக்கு மேல் இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டில் ஏறி பூமிக்குள் போய் வந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே தொட முடியாத சூட்டில் இருக்கும். இரும்பை நம்பித்தான் பிழைப்பு என்றால் இரும்பின் மேல் ஒரு சந்தேகமும் கூடவே வரத்தான் செய்யும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தர்பூசணி வாங்கப் போனால் பழத்தை விட்டுவிட்டுத் தராசைத் தட்டுவார்.

இப்படிப்பட்ட ஊரில் இருக்கும் எனக்கு, டெக்சாஸில் இருக்கும் மருமகன் தட்டிப் பார்க்க முடியாத ஓர் அடுப்பை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"மாமா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர்றோம். உங்களுக்கு ஒரு பெல்லட் கிரில் வாங்கித் தரலாம்னு இருக்கேன். நல்ல கம்பெனியா, இருபது வருஷம் உழைக்கிற மாதிரி எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

இருபது வருஷம் என்றதும் எனக்கு அடுப்பின் ஆயுளைவிட என் ஆயுளைப் பற்றித்தான் கணக்கு ஓடியது. ஆனாலும் மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா? பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

பெல்லட் கிரில் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மரத்தூளைப் பெரிய அழுத்தத்தில் நசுக்கி, பென்சில் கனத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தள்ளுகிறார்கள். அதுதான் பெல்லட். பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் சூட்டில் இளகித் தூளை ஒட்டவைத்துவிடும். பார்வைக்கு, கோலார் பக்கத்துப் பால் சொசைட்டிகளில் கொடுக்கும் மாட்டுத்தீவனமேதான். அடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தொட்டியில் இதைக் கொட்டினால், அடியில் ஒரு திருகுத்தண்டு மெதுவாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருக்கும் தீச்சட்டிக்குத் தள்ளும். மின்சாரத்தில் பழுக்கும் ஒரு கம்பி அதைப் பற்றவைக்கும். ஒரு விசிறி ஊதும். இத்தனை டிகிரி என்று நாம் திருப்பி வைத்துவிட்டால், திருகையும் விசிறியையும் முடுக்கியும் அடக்கியும் சூட்டை அங்கேயே நிறுத்தும் வேலையை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். கோழியை உள்ளே வைத்துவிட்டு நாம் போய்ப் படுக்கலாம்.

மனைவியின் அண்ணன், சுரங்க வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், இந்த விவரத்தை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். "இது அடுப்பு இல்ல மச்சான். கன்வேயர். எதுல திருகு இருக்குதோ அதுல ஒரு நாள் அடைப்பு இருக்கும்" என்றார். ஆள் பேசுவது குறைவு. பேசினால் இப்படித்தான், மெமோ கொடுத்த மாதிரி இருக்கும்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பெல்லட்டுக்கு முதல் எதிரி ஈரம். மழைச்சாரல் பட்டால் உப்பிப் பொடிந்து மறுபடியும் மரத்தூளாகிவிடும். அந்தத் தூள் திருகுக்குள் இறுகிக்கொண்டால் அடுப்பைக் கவிழ்த்துப்போட்டுக் குடைய வேண்டியதுதான். அதனால் வாங்குகிறவர்கள் தொட்டியின் அடியில் மிச்சத்தைக் கொட்டிவிட ஒரு கதவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது நான் சேகரித்த முதல் ஞானம்.

பெல்லட் கிரிலைக் கண்டுபிடித்தவர் ஜோ டிரேகர் என்ற அமெரிக்கர். ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சின்ன ஊர். வீட்டைச் சூடாக்கும் அடுப்பு விற்கிற குடும்பம். 1985-இல் அவர்களுடைய சுதந்திர தினத்தன்று ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கேஸ் அடுப்பில் வைத்த கோழி தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்ததாம். அந்த ஆத்திரத்தில் பிறந்தது இந்த யோசனை என்பார்கள். 1986-இல் காப்புரிமை வாங்கினார். அது 2006-இல் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, மாப்பிள்ளை சொன்ன 'நல்ல கம்பெனி'களில் பல அதற்கப்புறம்தான் இந்தத் தொழிலுக்கே வந்தவை. இருபது வருஷம் உழைக்கும் என்று சொல்ல, இந்தத் தொழிலில் அவையே இன்னும் இளவட்டம்தான்.

வாரண்டி விவரங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று ஏலம் மாதிரி ஏறிக்கொண்டு போகிறது. பத்து என்று போட்டிருக்கிற இடத்தில் பொடி எழுத்தைப் படித்தால், அது உடம்புக்கு மட்டும். கன்ட்ரோலர் என்ற மூளைக்கும் மோட்டாருக்கும் பற்றவைக்கும் கம்பிக்கும் தனித்தனிக் கணக்கு. பெல்லட் கிரிலில் முதலில் போவது அந்தக் கம்பிதான். பழுத்துப் பழுத்து ஓய்ந்துவிடும். அப்புறம் தீச்சட்டி அரிக்கும். அப்புறம் விசிறி. உடம்பு மட்டும் கடைசி வரை கல்லுமாதிரி நிற்கும்.

"மூணு மில்லி தகடுக்குக் குறைஞ்சதை வாங்காதே. தீச்சட்டி ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கணும். மூடியில நூல் விட்டுப் பாரு, காத்து போகக் கூடாது" என்று மச்சான் ஆணையிட்டார். டெக்சாஸ் கடையில் இருக்கும் அடுப்பின் மூடியில் ஊரிகத்திலிருந்து எப்படி நூல் விடுவது என்று கேட்டேன். "மாப்பிள்ளைகிட்ட நூல் இல்லையா?" என்றார்.

மூடி விஷயத்தில் அவர் சொன்னது எங்கள் ஊருக்கு இன்னும் பொருந்தும். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைத்தூள் இங்கே மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. சைனைடு மேடு என்போம். 3 கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் புறப்பட்டு வந்து கொடியில் காயும் துணி, கூரை, மொட்டைமாடி வடகம் எல்லாவற்றிலும் உட்காரும். மூடி சரியாக உட்காராத கிரிலை முற்றத்தில் வைத்தால், உலகத்திலேயே தங்கச்சுரங்கத்து மசாலா போட்ட முதல் கோழி எங்கள் வீட்டில்தான் வேகும்.

அடுத்தது கரண்ட். இதில் ஊரிகத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. சிவனசமுத்திரத்தில் காவிரியில் எடுத்த மின்சாரம் 1902-இலேயே எங்கள் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. பெங்களூருக்கே அப்புறம்தான். அன்றைக்கு வந்தது 25 சைக்கிள் மின்சாரம். இப்போது நாடு முழுவதும் 50. அமெரிக்காவில் 60 சைக்கிள், 120 வோல்ட். அங்கே செய்த கிரிலை இங்கே அப்படியே சொருகினால் 230 வோல்ட்டில் மூளை கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், சைக்கிளை அது மாற்றாது. ஏசி மோட்டார் வைத்த திருகு ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றும். மச்சான் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய ஷிஃப்ட் நாட்களின் பிரகாசம். மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, "கரண்ட் போச்சுன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கரண்ட் போனால் விசிறி நிற்கும், திருகு நிற்கும், கோழி பாதி வேக்காட்டில் நிற்கும். தீ மட்டும் நிற்காது. சட்டியில் மிச்சமிருக்கும் கங்கு காற்றில்லாமல் புகைந்து, திருகு வழியாகத் தொட்டிப் பக்கம் பின்னேற வாய்ப்பு உண்டு. அதனால்தான் இந்த அடுப்பைப் பொத்தென்று அணைக்கக் கூடாது, விசிறி கொஞ்ச நேரம் ஓடி மிச்சத்தை எரித்த பிறகே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஆசியாவில் முதலில் மின்சாரம் பார்த்த ஊர்களில் ஒன்று என்று பெருமை பேசுகிற எங்களுக்கு, இன்று இரவு எட்டு மணிக்கு லைட் இருக்குமா என்று கேட்டால் பதில் வராது.

"எரிக்க இன்னா போடுவீங்க?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் ஆண்கள் பொழுதுபோக்கு.

அமெரிக்காவில் ஹிக்கரி, ஆப்பிள், ஓக் என்று விதவிதமான மரத்தில் பெல்லட் மூட்டை மூட்டையாகக் கடையில் கிடைக்கிறது. இங்கேயும் பெல்லட் கிடைக்கும், கிடைக்காமல் இல்லை. கடலைத்தோல், மரத்தூள், கரும்புச்சக்கை எல்லாம் நசுக்கிச் செய்தது. ஆனால் அது பாய்லருக்கு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று பாய்லர் கேட்காது. கோழி சாப்பிடுகிறவன் கேட்க வேண்டும். பிளைவுட் தூளும் பெயிண்ட் அடித்த கட்டையும் சேர்ந்திருந்தால் அந்தப் புகையில் சுட்டதை எந்த மருமகன் வந்தாலும் பரிமாற மாட்டேன்.

பெல்லட் அடுப்பு நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சியை வைத்து பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி 'ஊர்ஜா' என்று ஒரு சமையல் அடுப்பைக் கொண்டுவந்தது. சின்ன விசிறி, ரீசார்ஜ் செய்யும் பேட்டரி, உள்ளே விவசாயக் கழிவில் செய்த பெல்லட். புகை குறைவு. 2009-இல் அது ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம் எல்லாம் சேர்த்து 4 லட்சம் அடுப்புக்கு மேல் விற்றார்கள். அடுப்பில் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. சக்கைக்கும் உமிக்கும் தொழிற்சாலைகள் போட்டிபோட ஆரம்பித்ததும் பெல்லட் விலை ஏறியது. வாங்கியவர்கள் மெல்ல மெல்லக் கேஸுக்கும் விறகுக்கும் திரும்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் பெட்ரோலியத்தைவிடப் பெரிய கம்பெனிக்கு நான் எங்கே போவேன்?

கம்பெனி பெரியது என்பதால் அது நிற்கும் என்று நம்புவதற்கு ஊரிகத்துக்காரன் கடைசி ஆள். லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்தது. அப்புறம் மைசூர் சர்க்கார், அப்புறம் பாரத் கோல்டு மைன்ஸ். மூன்று தலைமுறை வேலை, லைன் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். கூண்டு இறக்கிய சக்கரக் கோபுரங்கள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. உடம்புக்குத்தான் வாரண்டி.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவின் மரத்தூள் அடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு தகர டப்பா, அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் சொருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கைமுஷ்டியால் இடித்து இடித்து இறுக்குவாள். தளர்வாக இருந்தால் சரிந்து அணைந்துவிடும், அதிகம் இறுகினால் பற்றாது. அந்தப் பதம் அவள் முஷ்டிக்கு மட்டும் தெரியும். பிறகு பாட்டிலை லேசாகத் திருகி மேலே உருவுவாள். அந்த நேரம் வீட்டில் யாரும் ஓடக் கூடாது, தும்மக் கூடாது. கட்டையையும் உருவி, அடி ஓட்டையில் ஒரு காகிதத்தைக் கொளுத்திச் செருகினால், வேலைக்குப் போன அப்பா திரும்பும் வரை ஒரே சீராக எரியும். தூள், காற்று வழி, சீரான சூடு. திருகும் மூளையும் மட்டும் அவளே. அடுப்புக்கு மேலே கம்பியில் உப்புக்கண்டம் தொங்கும். அதற்கு ஏறிய புகைவாசனைக்குத்தான் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வெல்டர் இருக்கிறார். அவரும் பழைய சுரங்க ஆள்தான். கிரிலுக்குப் பதிலாக இங்கேயே ஒன்று செய்ய முடியுமா என்று நானும் மச்சானும் போய்க் கேட்டோம். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கீல் போட்டு, கால் வைத்து, உள்ளே சல்லடையும் கரித்தட்டும் வைத்து, பக்கத்தில் காற்றுக் கதவு விட்டுத் தருகிறேன் என்றார். கெமிக்கல் இருந்த பீப்பாய் வேண்டாம், சமையல் எண்ணெய் வந்ததாகப் பார்த்து எடுக்கிறேன், முதல் நாள் வெறுமனே தீ மூட்டி உள்பெயிண்டை எல்லாம் எரித்துச் சுரண்டிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும், கால்வனைஸ் தகடு மட்டும் கேட்காதீர்கள், அதன் புகை ஆகாது என்றார். பிராண்ட் கம்பெனி எதுவும் எனக்கு இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொல்லவில்லை. மச்சான் குனிந்து தகட்டைத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார்.

"வாரண்டி?" என்றேன்.

"நான் இருக்கற வரைக்கும். அதுக்கப்புறம் என் பையன்கிட்ட வா."

மாப்பிள்ளைக்கு அன்றிரவே சொல்லிவிட்டேன்: டெக்சாஸில் உங்கள் வீட்டுக்கு வேண்டுமானால் தாராளமாகப் பெல்லட் கிரில் வாங்குங்கள். பற்றவைக்கும் கம்பியும் திருகு மோட்டாரும் தனியாக, கடையிலேயே, விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்றால் அது நல்ல கம்பெனி; விற்காவிட்டால் எத்தனை வருஷ வாரண்டி போட்டிருந்தாலும் வேண்டாம். பெல்லட் மூட்டையை வீட்டுக்குள் வையுங்கள். எங்களுக்குக் கிரில் வேண்டாம், பீப்பாய்க்குப் பணம் அனுப்பினால் போதும்.

ஊரிகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த வெல்டருக்கு ஸ்டார் பிரேம் வேலை குவிந்துவிடும், டிசம்பர் பிறந்தால் பீப்பாய் எடுக்க மாட்டார். வேண்டியவர்கள் நவம்பரிலேயே போய்ச் சொல்லிவையுங்கள்.