கைரேகைச் சட்டத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

இத்தாலியின் பலெர்மோ நகரின் பிரான்காச்சோவில் குடியிருக்கும் தமிழன் ஒருவன் மனமுவந்து வாசித்தளிப்பது.

உயர்குடிப் பிறந்தாய்!

உன் குலப்பெருமையைச் சொல்லித் தொடங்குவதே முறை. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வீதி போடச் சரளை தர ஒப்பந்தமான உள்ளூர்க்காரர் ஒருவரின் உள்ளங்கையில் மை தடவித் தாளில் பதித்துக்கொண்டார். களவு செய்தவரல்ல, சரக்குத் தர வந்தவர். குற்றம் நடக்கட்டும் என்று காத்திருக்கும் சிறுபுத்தி உனக்கு இல்லையென்பது அன்றே தெரிந்துவிட்டது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பணியகம் திறந்தார்கள். ரேகைகளை வகைபிரிக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். முறைக்கு வாய்த்த பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. ஆளை ஆளாய்ப் பிரித்தறியவென்றே பிறந்த நீ, பெற்றவர்களை மட்டும் அடையாளம் தெரியாமல் விட்டாய். வேலைக் களைப்பாயிருக்கும்.

கணக்கில் வழுவாதாய்!

மதுரைப் பக்கத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். இன்ன சாதியில் பிறந்தாயா, விரலை வை. இரவானால் காவல் நிலையத்தில் வந்து படு. விசாரணை, சாட்சி என்று ஏழைகளின் நேரத்தை நீ வீணாக்கியதில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் திகதி பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் உன் அருமை புரியாமல் விரல் தர மறுத்தார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். விரலுக்கு உயிரை ஈடாகப் பெற்றுக்கொண்டு பேரேட்டை நேர்செய்த உன் நாணயம் யாருக்கு வரும்?

வந்தாரை மதிப்பாய்!

இத்தாலியில் எங்களுக்கு நீ தந்த மரியாதையைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். பொஸ்ஸி, ஃபினி என்ற இரு தலைவர்களின் பெயரால் வழங்கும் 2002ஆம் ஆண்டின் 189ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவர் சொஜோர்னோ எனும் தங்கும் அனுமதி கேட்கும்போதும் அதைப் புதுப்பிக்கும்போதும் விரல் பதிக்க வைத்தது. ஒருமுறை பதித்த ரேகை மறுமுறைக்குள் மாறியா போகும் என்று கேட்பவர்களுக்கு அன்பின் இலக்கணம் தெரியாது. கண்டவரைத் திரும்பத் திரும்பக் காண விரும்புவதுதானே அன்பு? எங்களில் பலர் வீடு கூட்டுகிறோம், படி கழுவுகிறோம், முதியவர்களைக் குளிப்பாட்டுகிறோம். வரேக்கினா எனும் வெளுப்பு நீரும் சவர்க்காரமும் தேய்த்த விரலில் ரேகை மங்கும், கருவி தடுமாறும். இந்த நாட்டின் தரையைத் துடைத்துத் துடைத்தே அடையாளம் அழிந்த விரலை, மறுபடி அழுத்து, இன்னும் அழுத்து என்று பரிவோடு கேட்க உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

தீயோரை விடாதாய்!

1993 செப்டெம்பர் 15ஆம் திகதி, தம் 56ஆவது பிறந்தநாளில், எங்கள் பிரான்காச்சோவின் பங்குத்தந்தை பினோ புலீசி வீட்டு வாசலில் மாஃபியாவால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் தலைமறைவானவன் மாஃபியாத் தலைவன் மத்தேயோ மெசினா தெனாரோ. அவன் பிடிபட்டது 2023 ஜனவரி 16இல். அதுவும் இதே பலெர்மோவில், இன்னொருவர் பெயரில் சிகிச்சைக்கு வந்துபோன ஒரு மருத்துவமனையில். ஏறத்தாழ 30 ஆண்டுகள்! அத்தனை காலமும் நீ சும்மா இருந்தாய் என்று யாரும் பழிக்கக் கூடாது. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் நீ எங்கள் விரல்களைப் பத்திரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாய். அவன் சொஜோர்னோவுக்கு விண்ணப்பிக்காதது உன் குற்றமா?

நடுநிலை தவறாதாய்!

உனக்குப் பாகுபாடு உண்டு என்று சிலர் முணுமுணுத்தார்கள். 2019 ஜூனில் வந்த 56ஆம் இலக்கச் சட்டத்தால் அவர்கள் வாயை அடைத்தாய். கொண்டுவந்தவர் அமைச்சர் ஜூலியா பொஞ்ஜோர்னோ. பலெர்மோவில் பிறந்தவர், எங்கள் ஊர்ப் பெண் என்றே சொல்லலாம். அட்டை தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் அரசு ஊழியர்களைப் பிடிக்க, வருகைப் பதிவுக்கே விரலோ கண்ணோ காட்ட வேண்டும் என்றது சட்டம். உள்ளாடையோடு வந்து அட்டை தேய்த்த சன்ரேமோ நகரக் காவலர் ஒருவரின் படம் 2015இலிருந்தே நாடறிந்தது. அவர் அதே கட்டடத்தில் குடியிருந்தவர் என்பதும், 2020இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதும் அந்தப் படம் போன தூரம் போகவில்லை.

இத்தாலிய விரல் என்றதும் நாடு விழித்துக்கொண்டது. ஊழியரின் மானம் என்ன ஆவது என்றார்கள். தனிநபர் தரவுகளைக் காக்கும் அதிகாரசபை, எல்லோரிடமும் விரல் கேட்பது நோக்கத்துக்கு மிஞ்சிய செயல் என்றது. அலுவலகங்களில் ஒழுங்காக நடைமுறைக்கு வருமுன்னரே, 2020 டிசம்பரின் வரவுசெலவுச் சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. ஒன்றரை ஆண்டில் குடிமக்களுக்கு மானம் திரும்பிவிட்டது. எங்களுக்கு 2002இலிருந்து திரும்பவில்லையே என்று நான் குறைசொல்லவில்லை. வாக்குள்ள கையின் ரேகையும் வாக்கில்லாத கையின் ரேகையும் ஒன்றல்ல என்று நுணுக்கமாய்ப் பிரித்தறிந்தாயே, அதுவன்றோ அறிவியல்!

தொலைநோக்கு உடையாய்!

இனி உன் பார்வை வீதியில் விழ வேண்டும். அமெரிக்காவின் கிரீன் பே நகரில், கள்ளப் பெயர் சொல்பவர்களைப் பிடிக்கவென்று 2005இல் காவல்துறை போக்குவரத்துத் தண்டச் சீட்டிலேயே விரல் பதிக்கக் கேட்டது. இந்தியா இன்னும் பெரிய மனம் படைத்தது. அங்கே 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக் கடுங்காவலுக்குரிய குற்றங்கள் என்று கஞ்சத்தனமாய் எல்லை போட்டிருந்தது. 2022இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமோ, எந்தச் சட்டத்தின் கீழான குற்றமானாலும் கைதானவரின் விரலை எடுக்கலாம் என்று கதவை அகலத் திறந்தது. வண்டித் தகராறில் கைதானவருக்கும் உள்ளே இடமுண்டு. எடுத்ததை 75 ஆண்டு வைத்திருக்கலாம். 20 வயதில் அகப்பட்ட இளைஞன் 95 வயதில் தடியூன்றி நடக்கும்போதும் அரசு அவனை மறவாது. பெற்ற பிள்ளைகள்கூட அவ்வளவு காலம் நினைவில் வைப்பதில்லை.

இத்தாலிய வீதிகளுக்கு இன்னும் அந்தப் பேறு கிட்டவில்லை. இங்கே கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கிறது. 90 நாளுக்குள் கடிதம் உரிமையாளருக்குப் போகிறது. ஐந்து நாளில் கட்டினால் 30 வீதம் கழிவும் உண்டு. ஓட்டியது யாரென்று 60 நாளுக்குள் உரிமையாளரே எழுதித் தர வேண்டும். வழிமறித்துப் பிடித்தாலோ, சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகமும் பெயரும் இருக்கின்றன. இதில் விரலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உன் வரலாறு படிக்காதவர்கள். வேலை இருந்தால்தான் வருவேன் என்று நீ எங்கே, எப்போது சொன்னாய்?

முடிவாக ஒரு விண்ணப்பம். எங்கள் கோர்ஸோ தெய் மில்லே வீதியில் தலைக்கவசமில்லாமல் போகும் ஸ்கூட்டருக்கும் விரல் கேட்டு ஒருநாள் நீ வருவாயானால், வழக்கம்போல எங்களிடம் தொடங்காதே. எங்கள் விரல்கள்தாம் உன்னிடம் இருக்கின்றனவே. நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்திய நாடாளுமன்ற உறுப்பினரிடம் தொடங்கு. பிறகு நீதிபதி, பிறகு பத்திரிகை ஆசிரியர். சென்றமுறை ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்தாய். இந்தமுறை ஒன்றரை வாரம் தாண்டிவிட்டால், இதைவிட நீண்ட வாழ்த்துமடல் எழுதி, கையெழுத்துக்குப் பதில் என் பெருவிரலையே வைத்துத் தருகிறேன்.