கதைமாந்தர் பெயரீட்டில் பழனிச்சாமிச் சிக்கல்: பனியன் கம்பெனிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

திருப்பூரைக் களமாக வைத்துக் கதை எழுதப் புகும் எவருக்கும் முதல் வரியிலேயே ஒரு தடை குறுக்கே நிற்கிறது. அதன் பெயர் பழனிச்சாமி. வட்டாரத்துக்கு உண்மையாக இருக்க நினைத்தால் நாயகனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தாக வேண்டும். வைத்தால், அவனுடைய தாய்மாமன், முதலாளி, கடன் கொடுத்தவர், டீக்கடைக்காரர் அத்தனை பேருக்கும் அதே பெயர் வைப்பதுதான் நியாயம். இதுவே இக்கட்டுரையில் 'பழனிச்சாமிச் சிக்கல்' எனப்படுகிறது.

சிக்கலின் வேர் புவியியலில் இருக்கிறது. கொங்கு நாட்டில் பிள்ளைக்குப் பெயர் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வருவது. பழனியிலிருந்து பழனிச்சாமி, சென்னிமலையிலிருந்து சென்னியப்பன். மலைகளோ குறைவு, பிள்ளைகளோ அதிகம். மிஞ்சியவர்களைச் 'சாமி' என்ற பின்னொட்டு காப்பாற்றுகிறது: கந்தசாமி, வேலுசாமி, பொன்னுசாமி, துரைசாமி, கருப்புசாமி. காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனி வாசலில் ஒருவர் அலுப்பில் "அப்பா சாமி" என்று முனகினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

வெளியூர் எழுத்தாளர்கள் இதைத் தாண்ட 'முகிலன்', 'இனியன்' என்று நாயகனுக்குப் பெயர் வைத்துப் பார்த்ததுண்டு. அந்தப் பெயரோடு ஓவர்லாக் மிஷினில் போய் உட்காருகிறவனை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கட்டிங் மாஸ்டர் 'மணி' ஆக்கிவிடுவார். ஆகவே அது தீர்வல்ல, ஒத்திவைப்பு.

2. முன்னோர் கண்ட தீர்வுகள்

இத்துறையின் முதல் அறிஞர் தொல்காப்பியர். அவர் கண்ட தீர்வு எளியது: பெயரே வைக்காதே. அகப்பாட்டில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று அகத்திணையியலில் விதித்துவிட்டார். தலைவன், தலைவி, தோழி, செவிலி. உறவு மட்டுமே பெயர்.

இந்த விதி எங்கே உடைந்தது என்பதுதான் நம் ஆய்வுக்கு முக்கியம். நெடுநல்வாடையில் நக்கீரர் அரசனின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு வேலின் தலையில் வேப்பம்பூ மாலையைக் கட்டிவிட்டார். வேம்பு பாண்டியன் அடையாளம் என்பது ஊருக்கே தெரியும். எனவே இது அகமன்று, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பெழுதினார். பெயரை ஒளித்தும் பயனில்லை, பூ காட்டிக்கொடுத்துவிட்டது. இதனை இனி 'வேப்பம்பூ விளைவு' என அழைப்போம்.

இவ்விளைவு மேல்நாட்டிலும் உறுதியாகியிருக்கிறது. 1932-இல் எம்.ஜி.எம். நிறுவனம் ரஷ்யச் சாமியார் ரஸ்புட்டினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் வரும் இளவரசிக்கு நடாஷா என்று கற்பனைப் பெயர்தான். ஆனாலும் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று இளவரசி இரீனா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டு, 1934-இல் 25,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். 'வரும் பெயர்கள் யாவும் கற்பனையே' என்ற வாசகத்தைப் படங்கள் கட்டாயம்போல் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது இதற்கப்புறம்தான். பெயர் கற்பனை என்று தெரிந்தே தோற்ற வழக்குக்கு, பெயர் கற்பனை என்று அறிவிப்பதே மருந்தானது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

உள்ளூருக்கு வருவோம். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். ஷண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய நாவலின் பெயர் 'நாகம்மாள்'. அதில் வம்புக்காரனுக்கு அவர் வைத்த பெயர் கெட்டியப்பன். ஆளின் குணத்தைச் சொல்ல அதற்குமேல் ஒரு பத்தி தேவையில்லை. அந்தப் பெயரைக் கேட்டதுமே திண்ணையில் இருப்பவர் காலை மடக்கிக்கொள்வார். அதே வட்டாரம் பனியனுக்கு மாறியபின் வந்த நாவல்களைப் பாருங்கள்: சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-இல், எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' 2004-இல். வயல் காலத்தில் நாவலுக்கு ஒரு மனுசியின் பெயர் போதுமானதாக இருந்தது. பனியன் காலத்தில் சாயமும் மணலும் அட்டையைப் பிடித்துக்கொண்டன, மனிதர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

பெருமாள்முருகன் இன்னொரு படி போனார். அவருடைய 'மாதொருபாகன்' நாவல் சாதிச் சங்கங்களிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2016-இல் வந்த 'பூனாச்சி'யில் வெள்ளாட்டுக் குட்டிக்குப் பெயர் உண்டு, கிடாய்க்குப் பெயர் உண்டு. வளர்க்கிறவர்கள் வெறும் கிழவனும் கிழவியும். ஆடுகளுக்குச் சங்கம் இல்லை என்பதை இத்தீர்வின் வலிமையாகக் கொள்ளலாம்.

3. களம்: மிஷின் விதி

பனியன் கம்பெனிக்குள் பெயர் எப்படிப் பிழைக்கிறது? வரிசையாகப் பவர் டேபிள் ஓடும்போது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்க வேண்டும். அதற்குப் பெயரின் கடைசி உயிரெழுத்து இழுக்க வாகாக இருக்க வேண்டும். மணீஇ, செல்வீஇ, ராசூஉ. இசை குறையும் இடத்தில் உயிர் நீண்டு நிறைப்பதை இலக்கணம் அளபெடை என்கிறது. யாப்புக்காகச் சொன்ன விதி ஓவர்லாக் மிஷினுக்கும் பொருந்துவது தமிழின் தொன்மைக்குச் சான்று. 'பழனிச்சாமி' இங்கே 'பழனீஇ' ஆகிறது, சாமி சத்தத்தில் கரைந்துவிடுகிறார்.

இரண்டு செல்வி இருந்தால் வேலை வந்து முன்னால் ஒட்டிக்கொள்ளும்: செக்கிங் செல்வி, பேக்கிங் செல்வி. இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். தான் பாடிய ஒரே உவமையால் செம்புலப்பெயனீரார் என்று பெயர்பெற்ற சங்கப் புலவரும் செய்த வேலையால் அழைக்கப்பட்டவர்தான்.

மூன்றாவது வகை, ஊரால் வரும் பெயர். தெற்கிலிருந்து வந்தவன் 'மதுரை' ஆகிறான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த அத்தனை பேரும் 'பையா' ஆகிறார்கள். பையா என்றால் இந்தியில் அண்ணன். அண்ணன் என்று கூப்பிட்டே ஒருவனைத் தம்பிக்கும் கீழே நிறுத்த முடியும் என்பதைத் தமிழ்க் கதைகள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

நான்காவது, ஏறும் பெயர். தையல்காரருக்குத் துணி எடுத்துக்கொடுக்கும் சிறுவன் 'கைமடி'. மிஷினில் உட்கார்ந்ததும் 'டெய்லர்'. நாலு மிஷின் வாங்கினால் 'அண்ணன்'. கம்பெனி வைத்தால் 'மொதலாளி'. வயலிலும் மிஷினிலும் உழைத்தவர்கள் உழைப்பையே முதலாகச் சொல்லி முதலாளிகளான கதையை ஷரத் சாரி 2004-இல் ஒரு நூலாகவே எழுதினார். அதற்கு நம் எளிய அடிக்குறிப்பு: ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் கழன்று விழுகிறது. கடைசிப் படியில் நிற்பவரைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒரு பாட்டிதான் மிச்சம் இருப்பார். கதாசிரியர் தேட வேண்டியது அந்தப் பாட்டியை.

4. கருதுகோள்

பெயர் கழன்று விழுவதில் பனியனுக்கும் இதே நிலைமை. பின்னுகிறவர், சாயம் போடுகிறவர், வெட்டுகிறவர், தைக்கிறவர், பிசிர் வெட்டுகிறவர் என்று எத்தனையோ கை மாறி, கடைசியில் கழுத்தில் ஏறும் லேபிளில் இருப்பது இவர்கள் யாருடைய பெயரும் அல்ல. ஏற்றுமதியில் மிஞ்சி காதர்பேட்டைக் கடைக்கு வரும்போது அந்த லேபிளையும் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவர் விடுவாரா? காலரைப் பின்பக்கம் மடித்து, மிஞ்சிய இரண்டெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, கம்பெனியைச் சொல்லிவிடுகிறார். இது வேப்பம்பூ விளைவின் பருத்தி வடிவம்.

இவற்றால் பெறப்படுவது: ஆளைக் காட்டிக்கொடுப்பது பெயரல்ல. பெயர் காட்டிக்கொடுப்பது கூப்பிடுகிறவரை. எனவே 'என் நாயகனுக்கு என்ன பெயர்' என்பது தவறான கேள்வி. 'அவனை யார், எங்கிருந்து, எந்தச் சத்தத்துக்கு நடுவே கூப்பிடுகிறார்கள்' என்பதே சரியான கேள்வி.

5. சோதனை

கருதுகோளைச் சோதிக்க ஆய்வாளர் தாமே ஒரு சிறுகதை எழுதினார். செக்கிங் காண்ட்ராக்டர் ஒருவர், சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்குப் பத்து இருபது பிடித்துக்கொள்பவர். அசலில் இப்படி ஒருவரை ஆய்வாளர் அறிவார். பெயரைச் செல்லமுத்து என்று மாற்றியாயிற்று. மீசை எடுக்கப்பட்டது. புல்லட் மொபெட் ஆனது. ஒன்று மட்டும் தங்கிவிட்டது: டீ குடிக்குமுன் மேலே படிந்த பாலாடையைச் சுண்டுவிரலால் எடுத்து, கிளாசின் விளிம்பில் ஒட்டிவைத்துவிட்டு, டீ முடிந்தபின் அதைத் தனியாகச் சாப்பிடும் பழக்கம்.

இதழ் வந்த மூன்றாம் நாள், அதே டீக்கடையில் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிளாஸ் வந்தது. பாலாடையை எடுத்து விளிம்பில் ஒட்டினார். பிறகு பேசினார்.

"பேர மாத்துனீங்க, செரிங்க. இதைய மாத்தோணுமல்லங்க?"

ஆய்வாளர் வாயில் வார்த்தை வரவில்லை.

"ஏமாத்துக்காரன்னு எழுதுனீங்க. அதையுங்கூட உட்ருங்க. செல்லமுத்து எம் பங்காளிங்க. கெணத்துப் பங்குல பதினோரு வருசமா கேசு நடக்குது. போயும் போயும் அவம் பேரையா எனக்கு வெப்பீங்க?"

பெயர் ஆளைக் காட்டவில்லை, உறவைக் காட்டியது. கருதுகோள் மெய்ப்பட்ட மகிழ்ச்சியை வெளிக்காட்டும் சூழல் அங்கே இல்லை.

6. முடிவு

தொகுப்பில் வரும்போது திருத்திவிடுவதாக ஆய்வாளர் ஒப்புக்கொண்டு, வேறென்ன பெயர் வைக்கலாம் என்று அவரிடமே கேட்டார். அவர் பாலாடையை வாயில் போட்டுக்கொண்டு, எதிரே கம்பெனி விட்டு வெளியே வரும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழனிச்சாமின்னே வெச்சுருங்க," என்றார். "ஆருக்குந் தெரியாது."