கோழி கிளறும் கொல்லை: கேள்வி – பதில்

கே: வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது. காய்கறி, கோழி, ஆடு, முயல், வாத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, திருமங்கலம்

ப: காய்ந்த சருகிலிருந்து. நிஜமாகவே சொல்கிறேன். எந்த உயிரைக் கொண்டுவந்தாலும் மறுநாள் காலையே எச்சமோ சாணமோ வந்துவிடும். அதோடு கலக்கச் சருகு இல்லாவிட்டால் நாற்றமும் ஈயும் பக்கத்து வீட்டுச் சண்டையும் வரிசையாக வரும். முதலில் ஒரு மூலையில் சருகைச் சேருங்கள். பிறகு பாத்தி போட்டு ஒரு போகம் காய்கறி எடுங்கள். அடுத்து ஐந்து நாட்டுப் பெட்டைகள். ஆட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் முயல் தவித்துப்போகும். நல்ல மர நிழல் இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கே: முட்டைக்குச் சேவல் அவசியமா?
– வாசகர், பல்லடம்

ப: முட்டைக்கு வேண்டாம், குஞ்சுக்கு வேண்டும். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். ஆனால் அந்த முட்டையை 21 நாள் அடைவைத்தாலும் பொரிக்காது.

கே: கோழி எச்சம் நல்ல உரம் என்றார்கள். அள்ளிப்போட்டேன், கத்தரிச் செடிகள் கருகிவிட்டன. உரமா, விஷமா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: உரம்தான். வேகாத உரம். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் பிரிவதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். அதில் தழைச்சத்து மிக அதிகம். ஈரம் பட்டதும் அம்மோனியாவாக மாறுகிறது. மூக்கில் ஏறும் அந்தக் காரம்தான் வேரையும் சுட்டது.

ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை சருகு, உமி அல்லது கடலைத் தோல் என்று அடுக்குங்கள். ஈரம் பிழிந்த துணி அளவுக்கு இருக்கட்டும். சில நாளில் குவியல் கை வைக்க முடியாதபடி சூடேறும். சூடு தணிந்ததும் கிளறிவிடுங்கள், மறுபடி ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் நாற்றம் போய் மண்வாசம் வரும்போது எடுத்துப் போடலாம். கூண்டின் தரையிலேயே உமியைப் பரப்பிவைத்தால் பாதி வேலையைக் கோழிகளே கிளறி முடித்துவிடும்.

'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்ற சொலவடை, எந்த எரு எவ்வளவு வேகமாகப் பலன் தரும் என்பதற்கு நம்மவர்கள் வைத்த கணக்கு. கோழி எருவுக்கு அவசரம் அதைவிட அதிகம். அதனால்தான் அதை நாம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

கே: கீரைப் பாத்திக்குப் பச்சை எருவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா? சீக்கிரம் தழைக்கிறதே!
– வாசகி, மன்னார்குடி

ப: கூடாது. செடி கருகுவது ஒருபக்கம் இருக்கட்டும், குழந்தைகளின் வயிறு முக்கியம். பச்சை எச்சத்திலும் சாணத்திலும் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்குப் பச்சை எருவை அறுவடைக்கு 120 நாள் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். மண்ணில் படாத பயிருக்கு 90 நாள். நம் சிறுகீரை 25, 30 நாளில் சட்டிக்கு வந்துவிடும். ஆகவே கீரைக்கு மக்கிய எரு மட்டுமே.

கே: கோழியைத் தோட்டத்தில் விட்டால் பூச்சியைத் தின்னுமா, செடியைத் தின்னுமா?
– வாசகர், செங்கோட்டை

ப: இரண்டையும். அதற்கு இது புழு, இது முளைவிட்ட வெண்டை என்ற பேதம் கிடையாது. மூடாக்கைக் கண்டால் முதல் வேலையே அதைக் கலைப்பதுதான்.

இதற்கு வழி நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது: பஞ்சாரம். மூங்கிலில் பின்னிய பெரிய பஞ்சாரமாக எடுங்கள். அறுவடை முடிந்து செடி பிடுங்கிய பாத்தியில் இரண்டு பெட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள். புழு, கூட்டுப்புழு, களை விதை எல்லாவற்றையும் தேடித் தின்று, மண்ணைக் கிளறி, எருவையும் போட்டுவிடும். வெயில் ஏறும்முன் பஞ்சாரத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள், தண்ணீர்ச் சட்டியும் உள்ளே இருக்கட்டும். வயலில் ராத்திரிக்கு ராத்திரி இடம் மாற்றி ஆட்டுக்கிடை போடுகிறார்களே, அதே முறைதான் கொல்லைக்கும். அந்தப் பாத்தியில் உடனே கீரை விதைக்காதீர்கள். கொத்திவிட்டுச் சில வாரம் ஆறப்போட்டு, பந்தலேறும் புடலையோ பாகலோ போடுங்கள்.

நாற்று இருக்கும் பாத்திக்கு வேலி கட்டாயம். செடி முழங்கால் உயரம் வந்தபின், சாயங்காலம் கூண்டில் அடைவதற்குமுன் ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். தக்காளி பழுக்கும் காலத்தில் அதுவும் வேண்டாம்.

கே: தீவனம் விற்கிற விலையில் முட்டை கட்டுப்படியாகுமா? அசோலா மட்டும் போதும் என்கிறார்களே?
– வாசகர், அறந்தாங்கி

ப: அசோலா மட்டும் போதாது. காய்ந்த எடையில் சுமார் கால் பங்கு புரதம் என்பது உண்மை. ஆனால் பச்சையாக அள்ளும்போது பெரும்பகுதி தண்ணீர். குருணை, கம்பு, சோளத்தோடு தொடுகறியாகக் கொடுங்கள். தொட்டி நிழலில் இருக்கட்டும். சாணக் கரைசல் அவ்வப்போது விழட்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது கரையான். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த வறட்டி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் நிமிர்த்தினால் குஞ்சுகளுக்குக் காலைச் சாப்பாடு தயார். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

கே: மரவள்ளிக் காட்டில் மேய்ந்த பக்கத்து வீட்டு ஆடு சிறிது நேரத்தில் விழுந்துவிட்டது. என் தோட்டத்திலும் நாலு மரவள்ளி நிற்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, ராசிபுரம்

ப: பயம் நியாயமானது. மரவள்ளிப் பச்சை இலையில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. பசியோடு வந்த ஆடு வயிறு முட்டத் தின்றால் உயிருக்கே ஆபத்து. இளஞ்சோளப் பயிரிலும் இதே ஆபத்து உண்டு. மூச்சு இரைத்து, தள்ளாடி, வாயில் நுரை தள்ளினால் கைவைத்தியம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் இதற்கு முறிமருந்து ஊசி உண்டு, ஓடுங்கள்.

அழகுக்கு வளர்க்கும் அரளியும் ஆட்டுக்கு எமன். வேலியோரத்தில் அதை எடுத்துவிட்டு அகத்தி, கிளுவை, வேலிமசால் நடுங்கள். வேலியும் ஆச்சு, தழையும் ஆச்சு. சூபாபுல் இருந்தால் மற்ற தழையோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். ஆட்டை ஒருபோதும் தோட்டத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். தழைதான் ஆட்டிடம் போக வேண்டும்.

கே: இயற்கை முறையில் வளர்க்கும் கோழிக்குத் தடுப்பூசி போடலாமா? போட்டால் அது 'இயற்கை' இல்லையே?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ப: போடலாம் அல்ல, போட வேண்டும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும். 1920களில் உத்தராகண்டின் ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப் பெயராலும் அழைக்கப்படும் நோய் அது. இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, பிறகு வளர்ந்ததும் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் அட்டவணை கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் தரும் இயற்கை வேளாண் விதிகளே தடுப்பூசியை அனுமதிக்கின்றன. மஞ்சளும் சீரகமும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. அது தடுப்பூசிக்கு மாற்றாகாது.

கே: மாடு இல்லாமல் பஞ்சகவ்யம் தயாரிக்க முடியுமா?
– வாசகி, லால்குடி

ப: சாணமும் கோமியமும் பால்காரரிடம் கேட்டால் கிடைக்கும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய முறைப்படி தயாரித்து, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளியுங்கள். ஆனால் மண்ணில் மக்கு இல்லாமல் இலைமேல் எதைத் தெளித்தும் பெரிய பயனில்லை. குப்பைக்குழிக்குப் பிறகுதான் தெளிப்பான்.

கே: தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: சுண்ணாம்புச்சத்து மண்ணில் இருந்தும் பழத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதைக் கொண்டுபோவது தண்ணீர். ஒருநாள் வெள்ளம், மூன்றுநாள் வறட்சி என்று பாய்ச்சாமல் சீராக ஊற்றி, மூடாக்குப் போடுங்கள். முட்டை ஓடு மண்ணில் கரைய நெடுநாள் ஆகும். காயவைத்துப் பொடித்துப் பெட்டைக்கே கொடுங்கள். அடுத்த முட்டைக்கு ஓடாகும்.

கே: வாத்துக்குக் குளம் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: தலை முழுக்க முங்கும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும். அந்த அழுக்குத் தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றுங்கள். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் பெருகும் நத்தைக் குஞ்சுகளுக்கு வாத்தைப்போல எதிரி இல்லை.

கே: பிள்ளைகள் ஐந்து கோழிக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். இனி எப்படிக் குழம்பு வைப்பது?
– வாசகி, விருத்தாசலம்

ப: வைக்காதீர்கள். பெயர் வைத்தவை முட்டைக்கு. அதுகள் அடைகாத்துப் பொரிக்கும் குஞ்சுகளில் சேவல்களை விற்கவோ சமைக்கவோ போவதாகப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; மறைத்துச் செய்தால் அவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். முட்டை நின்ற கிழட்டுப் பெட்டை குப்பைக்குழியைக் கிளறிக்கொண்டு இருக்கட்டும். அந்த வேலைக்கு இன்னும் ஆள் தேவைதான்.