மூணு பட்டனும் ஒரு காலும்

மருமகனே, நீ வாங்கின வண்டி நல்ல வண்டி. அதை முதல்லயே சொல்லிடுறேன். பிறகு கிழவனுக்குப் பொறாமைன்னு உங்க அம்மாகிட்டப் போய்ப் புலம்பாதே. சிவப்பு நிறம், ரெண்டே கதவு, தரையோட தரையாப் பதுங்கின உடம்பு. நீ கெலிஓயா டவுனுக்குள்ள வந்தா வெத்திலைக் கடைக்காரன்கூட காம்பு கிள்ளுறதை நிறுத்திட்டுப் பார்க்கிறான். ஆனா நேத்து ராத்திரி சோத்துத் தட்டுக்கு முன்னால, "மாமா, லீற்றருக்குப் பத்தைத் தாண்டுதில்லையே"ன்னு நீ விட்ட பெருமூச்சுல எனக்கு ரசம் புரையேறிப் போச்சு.

ஹொண்டா சிஆர்-இஸட். 2010ல ஜப்பான்ல இறக்கினது. ஒன்றரை லீற்றர் எஞ்சின், அதுக்கு ஒத்தாசையா ஒரு கரண்ட் மோட்டார். அங்கே வருஷத்தின் சிறந்த கார்னு பரிசுகூட வாங்கிச்சு. ஹைப்ரிட்டுக்கு வரிச் சலுகை இருந்த காலத்துல நம்ம நாட்டுக்கும் நிறையவே வந்துச்சு. ஓட்டோமெட்டிக்குக்கு ஜப்பான்காரன் தாள்ல போட்ட கணக்கு லீற்றருக்கு 25 கிலோமீற்றர். அது உருளை மேல சக்கரத்தைச் சுழல விட்டு அளந்தது. கல்யாணத் தரகர் சொல்ற சம்பளம் மாதிரி, கொஞ்சம் கழிச்சுத்தான் கேட்டுக்கணும். ஆனா பாதிக்கு மேல கழிக்க வேண்டி வந்தா, மருமகனே, குத்தம் தரகர் மேல இல்லை.

அதுல மூணு பட்டன் இருக்கு. ஸ்போர்ட், நோர்மல், ஈகோன். சிக்கனமா ஓட்டினா மீற்றர் பச்சையா ஒளிரும். ஸ்போர்ட் போட்டா சிவக்கும். ஒரு மாசமா நான் பார்க்கிறது சிவப்புத்தான். முன்னால கம்பளை பஸ் ஆள் இறக்குது, பின்னால த்ரீவீல்காரன் ஹோன் அடிக்கிறான், நடுவுல நீ ஸ்போர்ட் போட்டுக்கிட்டு நிக்கிறே. மகாகஸ்தொட்ட மலையேத்தப் பந்தயத்துக்குக் கொடி விழப் போகுதுன்னு நினைப்பு. கொடி எங்கே விழுது? முட்டைக் கடை வாசல்ல இன்னொரு பிரேக்தான் விழுது.

சரி, சைலன்ஸர். வந்த சாமானைக் கழட்டிட்டு நெஸ்டமோல்ட் டின் அளவுக்கு ஒண்ணைப் பூட்டியிருக்கே. சத்தம் அருமைதான். அதைக் கேட்கக் கேட்க உன் கால் தன்னால அமுங்குது. ஓட்டை பெற்றோல் டேங்க்ல இல்லை, காதுல இருக்கு. பின்னால வேற கட்டில் பலகை மாதிரி ஒரு றெக்கை. வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு பலத்தோட எதிர்க்கும். அந்தக் காத்து இருந்தாத்தான் றெக்கைக்கு வேலை. பேராதனைச் சந்தியில மாட்டிக்கிட்டு நிக்கிற காருக்கு அது காக்கா உட்கார மட்டும்தான். டயரையும் அகலமா மாத்தியிருக்கே. அகலமான டயரை உருட்ட எஞ்சின் கூடத்தான் முக்கணும். டிக்கியைத் திறந்தேன். ஸ்பீக்கர் பெட்டி, ரெண்டு கிரிக்கெட் பை, போன வருஷத் தீபாவளி வெடியில மிச்சம். அதையெல்லாம் ஏன் கண்டிக்கும் கெலிஓயாவுக்கும் கூட்டிக்கிட்டுத் திரியிறே, சுற்றுலாவா?

மரியாதைக்குன்னு 95 அடிக்கிறியாம். அந்த எஞ்சினைச் சாதாரண பெற்றோலுக்குத்தான் செஞ்சிருக்கான். ஒக்டேன்கிறது எஞ்சின்ல தட்டுச் சத்தம் வராமத் தாங்குற குணம், சத்து இல்லை. உழவு மாட்டுக்கு ஹோர்லிக்ஸ் கரைச்சுக் குடுத்துட்டு, ஏன் இன்னும் ஓடலைன்னு கேக்கிற கதை.

நான் ஓட்டப் பழகினது கொழுந்து லொறியில. பெட்போர்ட். கொழுந்துச் சாக்கு இடிபட்டா உள்ளே இலை கசங்கும், சூடேறும், சிவந்து போகும். அப்புறம் ஃபெக்டரி வாசல்ல டீமேக்கர் பேசுற பேச்சை ஏழு தலைமுறைக்கு எழுதி வைக்கலாம். அதனால வளைவு தெரியும்போதே கால் எக்ஸிலேட்டர்ல இருந்து எந்திரிச்சிடும். பிரேக்கை மிதிச்சு நிறுத்துறவனை நாங்க டிரைவர்னே சொல்றதில்லை. டீமேக்கருக்குப் பயந்து பழகினது டீசலையும் மிச்சம் பிடிச்சுச்சு. பிரேக்ல நீ அழிக்கிற ஒவ்வொரு வேகமும் முன்னால காசு குடுத்து வாங்கினதுதானே.

உன் வண்டிக்கு இது இன்னும் ரெண்டு மடங்கு பொருந்தும். கியர்ல விட்டபடியே காலை எடுத்தா எஞ்சின் பெற்றோலை நிறுத்திடும், சக்கரம்தான் அதைச் சுத்தும். அந்த மோட்டாரும் டைனமோவா மாறி பற்றரிக்கு ஏத்தும். நியூட்ரல் போட்டா ரெண்டும் போச்சு. எஞ்சின் அணையாம இருக்கச் சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நீயோ கடுகண்ணாவ இறக்கத்துல "மிச்சம் பிடிக்கிறேன் பாருங்க"ன்னு நியூட்ரல் போட்டே. பின் ஸீட்டுல மடிச்சு வச்ச சாரமாட்டம் கிடந்த எனக்கு மாவனல்லை வரைக்கும் பிரேக் கருகின நாத்தம். முன்னால இருந்த உங்க மாமி, யாரோ கருவாடு சுடுறாங்கன்னு கண்ணாடியை ஏத்தினா.

இன்னொண்ணு, காலையில பாண் வாங்க முன்னூறு அடிக்குக் காரை எடுக்கிறே. குளிர்ந்த எஞ்சினுக்குப் பசி அதிகம். அது சூடேறுறதுக்குள்ள நீ வீட்டுக்கு வந்துடுறே. அந்தப் பாணுக்கு ஜாம் தேவையில்லை, பெற்றோலே தடவியிருக்கு.

உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். 2022 ஜூலையில கியூஆர் கோட்டைக் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்னு அளந்து குடுத்தாங்களே, அதுக்கு முந்தின மாசக் கடைசியிலதான் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போயிருந்துச்சு. அப்ப உன்கிட்ட இருந்தது அந்தப் பழைய ஓல்டோ. ஏஸி போட மாட்டே, ஹோன் அடிக்கக்கூட யோசிப்பே. முன்னால போற பஸ்ஸுக்கு எட்டவே நின்னு, அது நகரும்போது நீயும் பூனை மாதிரி நகர்ந்தே. அந்த 20 லீற்றர்ல கொழும்புக்குப் போய் வந்து, மிச்சத்தை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டதும் நீதான். 2023 செப்டெம்பர்ல கோட்டா முறையை எடுத்தாங்க. உன் காலுக்கும் அன்னைக்கே விடுதலை கிடைச்சிருச்சு போல.

ஞாயித்துக்கிழமை டேங்கை முட்ட நிரப்பி ட்ரிப் மீற்றரைச் சைபராக்கு. டயர் சூடேறுறதுக்கு முன்னால காத்துப் பாரு. எவ்வளவு வேணும்னு கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. ஒரு கிழமை பச்சையில ஓட்டு. திரும்ப நிரப்பும்போது ஓடின கிலோமீற்றரை ஊத்தின லீற்றரால வகுத்துப் பாரு. பதினஞ்சுக்குக் குறைஞ்சா வந்து என்னைத் திட்டு.

நாளைக்கு எனக்குக் கம்பளையில வேலை இருக்கு. கூட்டிப் போறேன்னு வாசல்ல வந்து நிக்காதே, உன் பின் ஸீட்டுல மடங்கின முழங்கால் இன்னும் நிமிரலை. நான் ஏழு மணி பஸ்ல போய்க்கிறேன்.